பழுது பார்க்க வேண்டிய பழைய வீட்டை முதல் வீடாக வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கையில் பத்துப் பதினைந்து லட்சம் சேர்த்து, மீதிக்குக் கடன் வாங்கித் தமிழ்நாட்டில் ஒரு பழைய தனி வீடோ பழைய அபார்ட்மென்ட்டோ வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வீட்டுக்குப் பணம் போதவில்லை, பழையதிலோ வேலை நிறைய இருக்கிறது, துணிந்து இறங்கலாமா என்ற குழப்பத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

பணம் குறைவு. பழைய வீட்டைத் தேடுவது சரியா?

பல நேரம் சரிதான். அதே தொகைக்குப் புது அபார்ட்மென்ட் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். முப்பது வருடப் பழைய வீடு பஸ் போகும் சாலைக்குப் பக்கத்தில், குடிநீர் இணைப்போடு கிடைக்கும். தனி வீடாக இருந்தால் மனை முழுக்க உங்களுடையது. கட்டடம் மோசமாக இருந்தால் விற்பவர் கேட்பது கிட்டத்தட்ட மனை விலையாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். சுவரிலும் கூரையிலும் உள்ள குறைக்கு ஒரு தொகை போட முடியும். பத்திரத்தில் உள்ள குறைக்கு அப்படிப் போட முடியாது. அது பத்து வருடம் கோர்ட்டில் இழுக்கலாம், வீடே கையை விட்டும் போகலாம். கூரை ஒழுகினாலும் பத்திரம் சுத்தமாக இருக்கும் வீட்டைத் தைரியமாகப் பேசி வாங்கலாம். புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தாலும், ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்ட வீடு வேண்டவே வேண்டாம்.

கையில் உண்மையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

நினைப்பதைவிட அதிகம். ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம். அரசு வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) விற்பனை விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

அடுத்து கடன். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. அது உச்சவரம்புதான், எல்லோருக்கும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. தவிர, 'மதிப்பு' என்பது வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது. பழைய கட்டடத்துக்கு அவர் தேய்மானம் கழிப்பார். 30 லட்சம் வீட்டுக்கு அவர் 27 லட்சம் என்று எழுதி, வங்கி அதில் 80 சதவீதம் தருகிறது என்றால் கடன் 21 லட்சத்து 60 ஆயிரம். மீதி 8 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கைப்பணம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும், 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில், கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆக 11 லட்சத்து 10 ஆயிரம் ஆகிவிட்டது. வக்கீல், பத்திர எழுத்தர், தரகு, வங்கியின் செலவுகள் எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு லட்சத்தைத் தொடும். கொத்தனார் இன்னும் வாசலுக்கே வரவில்லை.

அதனால் வீட்டு விலையிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். கையில் உள்ள பணத்தில் முதலில் ரிப்பேருக்கு ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவையும் எடுத்து வையுங்கள். மிச்சம் இருப்பதை வைத்து எந்த விலை வீடு கட்டுப்படியாகும் என்று பாருங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய ஊர்களில் வாங்குபவர்களுக்கு இது உதவும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் மிச்சம்தானே?

வேண்டாம். பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் வங்கி கடன் தரும், எனவே உங்களுக்குக் கிடைக்கும் கடன் குறையும். பின்னாளில் வீட்டை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் ரொக்கத்தைக் கையில் வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம். விற்பவரிடம் இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் அவரே பின்வாங்கிவிடுவார்.

ரிப்பேர் செலவையும் வீட்டுக் கடனிலேயே சேர்த்துத் தருவார்களா?

வீடு வாங்கும் கடனோடு அப்படியே கலந்து தருவது அபூர்வம். பல வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் 'வீடு சீரமைப்புக் கடன்' என்று தனியாகத் தருகின்றன. அதற்கு இன்ஜினியர் கையெழுத்திட்ட மதிப்பீடு வேண்டும். வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பணம் விடுவார்கள். வீடு வாங்கும் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. இரண்டுக்கும் ஒரே அடமானமாகப் போய்விடும், அலைச்சலும் குறையும். பர்சனல் லோன் எடுத்து ரிப்பேர் செய்வது கடைசி வழி.

இன்னொன்று, கட்டடத்தின் மீதி ஆயுள் எவ்வளவு என்று வங்கி பார்க்கும். நாற்பது வருட அபார்ட்மென்ட்டுக்கு இருபது வருடக் கடன் தர யோசிப்பார்கள். பத்து, பன்னிரண்டு வருடம் என்று குறைத்தால் மாதத் தவணை ஏறிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை வங்கியில் கேட்டுவிடுங்கள்.

பழைய வீட்டுக்கு அரசு மானியம் உண்டா?

2024-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-இல் வட்டி மானியப் பிரிவு ஒன்று இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து தவணையாக வரும். மறுவிற்பனை வீடும் இதில் அடங்கும். உங்களுக்குப் பொருந்துமா என்று கடன் தரும் வங்கியிலேயே கேளுங்கள். ஆனால் இந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வராதீர்கள். நேரே மொட்டை மாடிக்குப் போங்கள். தளத்தில் பதித்த தட்டோடு (சதுர ஓடு) விரிசல் விட்டிருக்கிறதா, மழைத் தண்ணீர் இறங்கும் வாயருகே பாசி பிடித்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அரசஞ்செடியை வெட்டினால் திரும்பத் தழைக்கும். வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் விஷயம்.

அப்புறம் கீழே வந்து, மேல்மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கம்பை எடுத்துப் பூச்சைத் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். கதவு நிலைகளின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். கரையான் புகுந்திருந்தால் மேலே பாலிஷ் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். தண்ணீர் நூலாக வந்தால் சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. (இரும்பு) குழாய் துருவேறி அடைத்திருக்கிறது.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்பது தரகருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். பாட்டி சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

தெரு மேலேயும் வீடு பள்ளத்திலும் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியுமா?

சென்னையின் பழைய தெருக்களில் இது நிறைய. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால் சாலை உயர்ந்து, வீட்டுத் தரை கீழே போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் உள்ளே வரும், வீட்டுத் தண்ணீர் வெளியே போகாது. சாக்கடையும் எதிர்த்துக்கொண்டு வரும்.

தரையை உயர்த்தலாம். ஆனால் கூரை உயரம் குறையும், கதவு ஜன்னல்களை எல்லாம் மாற்ற வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. செலவு பெரிது. குறைந்த பட்ஜெட்காரருக்கு என் யோசனை, தரைக்கும் சாலைக்கும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இடித்துக் கட்டும் வசதி பின்னால் வரும் என்றால் ஒழிய, அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கூரை கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. அந்த வீட்டை வாங்கலாமா?

பழைய வீடு என்றாலே வரும் கேள்வி இது. பயந்து ஓடவும் வேண்டாம், "ரெண்டு மூட்டை சிமென்ட்ல பூசிடலாம் சார்" என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

நடப்பது இதுதான். மாடித் தளம் வழியாகவோ பாத்ரூம் வழியாகவோ தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் வழியில் நேர்கோடாக விரிசல், அப்புறம் உப்பல், அப்புறம் பாளம் பாளமாக விழும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை வேகப்படுத்தும். கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இன்னும் மோசம்.

சரியான வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு தளத்துக்கு முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். துருவை உள்ளே வைத்துக்கொண்டு மேலே சிமென்ட் அப்பினால் ஒன்றிரண்டு மழைக்குள் அது விழும். கட்டிலில் குழந்தை படுத்திருக்கும்போது விழும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறையில், அதுவும் பாத்ரூமுக்குக் கீழே மட்டும் உதிர்ந்திருந்தால் சரிசெய்துகொள்ளலாம், விலையில் கழித்துக்கொள்ளலாம். எல்லா அறைகளிலும் உதிர்ந்து, தூண்களிலும் பீம்களிலும் நெடுக்காக விரிசல் இருந்தால் மனை விலைக்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

பால்கனியையும் போர்ட்டிகோவையும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் முக்கியமான கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். அது துருப்பிடித்தாலும் கீழே நின்று பார்க்கும் நமக்குத் தெரியாது. மேலே தண்ணீர் தேங்கும் பழைய பால்கனியை இன்ஜினியர் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சுவர் விரிசலில் எது ஆபத்து?

பூச்சில் சிலந்திவலை போலத் தெரியும் முடி விரிசல் சாதாரணம். பீமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் விரிசலும் பெரும்பாலும் சாதாரணம்தான். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறி, மேலே போகப் போக அகலும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டும். கோவை, மதுரை, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் கோடையில் விரிசல் விரியும், மழையில் சுருங்கும். ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாத வீடு அது. விற்பவர் அனுமதித்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை எப்படியும் ஒரு மாதம் இழுக்கும். அதற்குள் நீண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சுவரின் அடியில் ஓதம் ஏறியிருக்கிறது. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமா?

மறைத்தால் ஓதம் டைல்ஸுக்கு மேலே போய் எட்டிப் பார்க்கும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சுவருக்குள் கசியும் குழாயா, வெளியே சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணா, பக்கத்து வீட்டுப் பாத்ரூமா? பாதி ஓதம் இந்த மூன்றில் அடங்கிவிடும். அஸ்திவாரத்தின் மேல் ஓதத்தடுப்பு இல்லாமல் கட்டிய பழைய சுவர் என்றால், அடியில் துளையிட்டு மருந்து ஏற்றலாம். முழுக்கக் குணமாகும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் அதன் மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளே அடைத்து வைக்கும். அப்புறம் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டும். சுண்ணாம்புப் பூச்சே திரும்பப் பூசுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கும்பகோணம், காரைக்குடி பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

மெட்ராஸ் டெரஸ் வீடு என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

மரச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த கூரை அது. இரும்புக் கம்பி கிடையாது, அதனால் துருப் பிரச்சினையும் இல்லை. எல்லாம் மரச்சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் உளுத்துப்போகும். அங்கே கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். தேக்குச் சட்டம் நன்றாக இருந்தால் அருமையான, குளுமையான வீடு. பத்துச் சட்டத்தில் இரண்டு போயிருந்தால் மாற்றலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் கூரையையே எடுக்க வேண்டும், அதற்குப் பழைய வீட்டை வாங்கி என்ன பயன்?

யாரைக் கூட்டிப்போய்க் காட்டுவது?

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடனுக்கு அந்தச் சொத்து போதுமா என்றுதான் பார்க்கிறார், உங்களுக்காகப் பார்ப்பதில்லை. தெரிந்த மேஸ்திரி செலவு சொல்ல உதவுவார். ஆனால் வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கும். இன்ஜினியருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கொடுத்து, எழுத்தில் அறிக்கை கேளுங்கள். சந்தேகம் பெரிதாக இருந்தால் கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேம்மர் போன்ற சோதனைகளை அவரே சொல்வார். பட்ஜெட் சிறியது என்று இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். சிறிய பட்ஜெட்காரருக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

என்னென்ன ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் நேரில் டேப் பிடித்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அங்கீகரித்த வரைபடம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண், தண்ணீர் வரி எல்லாம் கேளுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும் காட்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் அதில் வராமல் போகலாம். அதனால்தான் வங்கியின் வக்கீலோடு நிற்காமல் உங்களுக்கென்று ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பத்திரம் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பேரன்கள் விற்கிறார்கள்.

பழுதான பழைய வீடுகளில் பாதி இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. பாகம் பிரிக்காமல், பராமரிப்பாரும் இல்லாமல் கிடந்ததால்தான் வீடே பழுதாகியிருக்கும். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அவருடைய பிள்ளைகளில் இறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாரிசுச் சான்று, இத்தனையும் வேண்டும். அத்தனை வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அத்தைக்குக் கல்யாணத்தப்பவே நகை போட்டு அனுப்பியாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். அத்தை கேட்காமல் இருக்கலாம், அத்தையின் பிள்ளைகள் கேட்பார்கள். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. தாத்தாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கு மகனுக்கு உள்ள அதே பங்கு. அத்தை வந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தரட்டும். மைனர் வாரிசு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். இதற்கு ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை, காத்திருங்கள். காத்திருக்க முடியாது என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

விலை மலிவாக இருப்பதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்குமா?

ஸ்ரீரங்கம், மயிலாப்பூர் போன்ற கோயில் ஊர்களிலும் பேட்டைகளிலும் மனை கோயிலுக்குச் சொந்தம், கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று இருக்கும். 'அடிமனை வாடகை' என்ற பேச்சு காதில் விழுந்தால் நின்று விசாரியுங்கள். வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பதிவிலும் சிக்கல் வரும். வீட்டு வசதி வாரிய வீடு என்றால் முதல் ஒதுக்கீட்டாளருக்கு வாரியம் விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு கை மாறிய வீடுகள் உண்டு. புறம்போக்கு, நீர்நிலை ஓரம், பவர் ஏஜென்ட் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் பெற்றவர்) விற்கும் வீடு, இவற்றில் எல்லாம் வக்கீல் பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் அடுத்த அடி.

பழைய அபார்ட்மென்ட் பரவாயில்லையா?

உள்ளே நீங்கள் எவ்வளவு அழகாக்கினாலும் கட்டடத்தின் கூரை, தூண், சாக்கடைக் குழாய் எல்லாம் பொதுவானவை. சங்கம் ஒழுங்காக இயங்குகிறதா, கையிருப்பு நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்வீட்டுப் பாத்ரூம் உங்கள் கூரையில் ஒழுகினால் யார் செலவு செய்வது என்ற சண்டை வருடக்கணக்கில் போகும்.

பிரிபடாத நிலப் பங்கு, அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு எவ்வளவு என்று கண்டிப்பாகப் பாருங்கள். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும், மதிப்பு நிலத்தில்தான் நிற்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்போது உங்கள் பங்கு சிறியதாக இருந்தால் கிடைப்பதும் சிறியதாகத்தான் இருக்கும். இன்னும் சில வருடத்தில் இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தால் உள்ளே அதிகம் செலவழிக்காதீர்கள்.

ரிப்பேரைக் காட்டி விலையைக் குறைக்க முடியுமா?

முடியும், ஆனால் "வீடு ரொம்பப் பழசா இருக்கே" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் குறையாது. இன்ஜினியர் அறிக்கையையும் மேஸ்திரி எழுதிய செலவுக் கணக்கையும் மேசையில் வையுங்கள். கூரைக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசுங்கள். டைல்ஸ், பெயிண்ட், மாடுலர் கிச்சனை அதில் சேர்க்காதீர்கள், அது உங்கள் விருப்பம். கூரையும் ஒயரிங்கும் விற்பவர் மதிக்க வேண்டிய உண்மை. முழுத் தொகையும் குறையாது, பாதி குறைந்தாலே நல்ல பேரம்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு கடன் கிடைக்காவிட்டால்?

கிரய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தப்பிக்கலாம். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ பத்திரத்தில் குறை தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். குடியிருப்பவர்களைக் காலி செய்து வெற்று வீடாக ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொரு வரி. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது போதாது. டோக்கன் அட்வான்ஸைச் சிறியதாக, வங்கி வழியாகவே கொடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். (விற்பவர் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.

வாங்கியாச்சு. எந்த வேலையை முதலில் செய்வது?

தண்ணீரை நிறுத்தும் வேலைதான் முதலில். மொட்டை மாடி, பாத்ரூம் கசிவு, வடிகால். அது முடியாமல் கீழே பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் வீண். கூடவே கூரை, தூண், பால்கனி போன்ற தாங்கும் பாகங்கள்.

அடுத்து சுவரை உடைத்துச் செய்ய வேண்டியவை எல்லாம் ஒரே மூச்சில் முடியட்டும். பழைய வயரிங்கில் எர்த் வயரே இருக்காது. ஏ.சி., ஹீட்டர், கிரைண்டர் என்று இன்றைய சுமையை அது தாங்காது. முழுக்க மாற்றி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் உயிரைக் காப்பது அதுதான். துருப்பிடித்த குழாய்களையும் இதோடு மாற்றிவிடுங்கள். பணம் இல்லாவிட்டாலும் பிற்பாடு வரப்போகும் ஏ.சி. பாயிண்டுக்கு இப்போதே பைப் மட்டும் பதித்துவிடலாம். கரையான் மருந்தும் தரை உடைந்திருக்கும் இந்த நேரத்திலேயே.

பெயிண்ட், டைல்ஸ், அலமாரி எல்லாம் அப்புறம். பழைய ரெட் ஆக்சைடு தரையையும் மொசைக்கையும் பாலிஷ் போட்டாலே அழகாக இருக்கும். உடைக்காதீர்கள்.

மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது?

பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசும் லேபர் காண்ட்ராக்ட் பழைய வீட்டுக்கு ஏற்றது. கூடவே நிற்க ஆள் இருக்க வேண்டும். சுவரைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்பதால், முழுத் தொகை காண்ட்ராக்ட்டில் பாதி வழியில் சண்டை வரும். சதுர அடிக்கு, பாயிண்டுக்கு, ரன்னிங் அடிக்கு என்று அளவு வைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை வேலைக்குப் பின்னால் விடுங்கள். கடைசி பத்து சதவீதத்தை ஒரு மழை பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல மேஸ்திரி ஒத்துக்கொள்வார். மதிப்பீட்டுக்கு மேல் இருபது, இருபத்தைந்து சதவீதம் கூடுதலாக ஒதுக்கி வைப்பது பழைய வீட்டில் அவசியம்.

வேலை நடக்கும்போதே குடியேறலாமா?

வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டுவது வலிக்கும், தெரியும். கூரை வேலை, வயரிங், ஒரு பாத்ரூம், சமையலறைக் குழாய் இவை முடியும்வரை வேண்டாம். கொத்தும் வேலை நடக்கும் வீட்டில் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் இருக்கவே கூடாது. அதன் பிறகு ஒரு அறையில் சாமானைப் போட்டுக்கொண்டு குடியேறி, மிச்சத்தை அடுத்த போனஸ், அடுத்த சீட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்யலாம். வாடகை மிச்சமாகும் பணமே பெயிண்டுக்கு ஆகிவிடும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதா?

சீரமைப்பு மதிப்பீடு, அதே அளவு புது வீடு கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் அந்த யோசனைக்கு அர்த்தம் உண்டு. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி கிடைக்கிறது. பொதுச் சுவர் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் பேசி எழுதிக்கொண்ட பிறகே கடப்பாரையை எடுங்கள்.

பதிவு முடிந்ததும் செய்ய வேண்டிய பெயர் மாற்றங்கள் என்ன?

பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, தண்ணீர் வரி நான்கும் உங்கள் பெயருக்கு வர வேண்டும். உட்பிரிவு தேவைப்படாத சொத்துக்குப் பதிவோடு சேர்ந்தே பட்டா மாறுவதுண்டு, ஆனாலும் சில நாள் கழித்து இணையத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். மின் கட்டணப் பாக்கியும் சொத்து வரிப் பாக்கியும் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், பதிவுக்கு முந்தின வாரமே விற்பவரைக் கட்டவைத்து ரசீதை வாங்கிவிடுங்கள். செய்த ரிப்பேருக்கான பில்களையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வீட்டின் மதிப்பைக் கூட்டும் கட்டுமானச் செலவை, பின்னாளில் விற்கும்போது லாபத்தைக் கணக்கிடுகையில் கழிக்க இடமுண்டு. பில் இல்லாத செலவை வருமான வரித்துறையிடம் நிரூபிப்பது கஷ்டம்.